இயற்கை எரிவாயுவும் கரியமில வாயுவும் – ஒரு சின்னக் கணக்கு



"இயற்கை எரிவாயு சுத்தமான எரிபொருள்" என்று படிக்கிறோம், பரீட்சையில் எழுதுகிறோம். சரி, எவ்வளவு சுத்தம்? தெர்மல் படிக்கிற நாமே கணக்குப் போட்டுப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. போட்டேன்.

ஒரு மெகாஜூல் வெப்பத்துக்கு நிலக்கரி வெளிவிடும் கரியமில வாயு சுமார் 95 கிராம். எரிவாயுவுக்கு 56 கிராம்தான். காரணம், மீத்தேனில் ஒரு கார்பனுக்கு நாலு ஹைட்ரஜன் இருக்கு. வெப்பத்தில் பெரும்பங்கு ஹைட்ரஜன் எரிந்து நீராவியாவதால் கிடைக்கிறது.

அடுத்து எஃபிஷியன்சி. பழைய நிலக்கரி நிலையத்துக்கு 36 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கேஸ் டர்பைனின் சூடான எக்ஸாஸ்டிலேயே நீராவி தயாரித்து இன்னொரு டர்பைனைச் சுற்றுவதுதான் கம்பைண்ட் சைக்கிள். அதற்கு 55 சதவீதம். ஒரு யூனிட் மின்சாரம் 3.6 மெகாஜூல். ஆக, யூனிட்டுக்கு நிலக்கரியில் 950 கிராம், கேஸில் சுமார் 370 கிராம்!

இது நடைமுறையில் பலித்ததா? பிரிட்டனைப் பாருங்கள். 1990-ல் மின்துறை தனியார் கைக்குப் போனது. வடகடல் எரிவாயு பக்கத்திலேயே இருந்தது. கேஸ் நிலையங்கள் மளமளவென்று எழும்பின. 1992-ல் 31 நிலக்கரிச் சுரங்கங்களை மூடப்போவதாக அரசு அறிவித்தது. சுமார் 30,000 பேருடைய வேலை அது! கடைசி நிலக்கரி மின்நிலையம் 2024 செப்டம்பர் 30-ல் நின்றது.

1990-லிருந்து 2022-க்குள் அந்நாட்டுப் பொருளாதாரம் 79 சதவீதம் வளர்ந்தது. வெப்பவாயு வெளியீடோ ஏறக்குறைய பாதியானது. எல்லாம் கேஸால் மட்டுமல்ல. காற்றாலைகளும் வந்தன. பல சாமான்களை வெளிநாடுகளில் செய்து இறக்குமதி செய்ததால், அந்தப் புகை வேறு நாட்டுக் கணக்கில் ஏறியது.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. நிலக்கரியை நிறுத்திவிட்டுக் கேஸ் வந்தால் யூனிட்டுக்கு 580 கிராம் மிச்சம். நிலக்கரியும் ஓட, பக்கத்திலேயே கேஸும் ஓடினால் 370 கிராம் கூடுதல்தானே! அதோடு, எரியாமல் கசியும் மீத்தேன் 20 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல சுமார் 80 மடங்கு சூடேற்றும். குழாயில் ஒரு ஃபிளாஞ்ச் லூஸாக இருந்தாலும் கணக்கு தப்பிவிடும்.

நம்ம பக்கத்திலும் எண்ணூரில் 2019-ல் திரவ எரிவாயு முனையம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு மணலி உரத் தொழிற்சாலை நாப்தாவை விட்டு எரிவாயுவுக்கு மாறியது. அங்கே ஒன்று போய் ஒன்று வந்தது.

நாளை இந்த வால்வுகளையும் பாய்லர்களையும் பார்த்துக்கொள்ளப் போவது நாம்தான். புதிதாக எங்கே கேஸ் லைன் வந்தாலும் "எதுக்குப் பதிலா?" என்று முதலில் கேளுங்கள் நண்பர்களே. அப்புறம் சோப்புத் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஜாயின்ட்டைப் பாருங்கள்!