சோற்றுப் பானைக்குள் கிருமி: வன்னிப் பாதையிலிருந்து லயக் காம்பிரா வரை



சாப்பாட்டிலும் தண்ணீரிலும் சேரும் கிருமிகளைப் பற்றி இம்முறை எழுதுகிறோம். "கிருமி கிருமின்னு சொல்லுறீங்க, எங்க கண்ணுக்கு ஒண்ணும் தெரியலையே" என்று லயத்தில் கேட்பவர்கள் உண்டு. தெரியாதுதான். நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். ஆனால் அது செய்கிற வேலையை நம் முன்னோர் கண்ணாலேயே கண்டார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த நம் பூட்டன் பூட்டிமார் பலர் மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். வடக்குப் பாதை என்று அதற்குப் பெயர். நூறு மைலுக்கு மேற்பட்ட காட்டு நடை. இன்றைக்கு வவுனியா மாவட்டத்தில் இருக்கும் செட்டிகுளம் அந்தப் பக்கத்து ஊர்தான். வழியில் கண்ட குளத்தில் அள்ளிக் குடித்தார்கள், அந்தத் தண்ணீரிலேயே சோறும் பொங்கினார்கள். வெளிக்குப் போனதும் அதே குளத்தங்கரையில்தான். முன்னே போன கூட்டத்தில் ஒருவருக்குப் பேதி கண்டிருந்தால், பின்னே வந்த கூட்டம் அந்தக் கிருமியைத் தண்ணீரோடு குடித்தது. வாந்திபேதி கண்டு விழுந்தவர்கள் பாதையோரத்திலேயே மாண்டு போனார்கள். வழித்துணைக்கு வந்தவர்களும் பயந்து விட்டுவிட்டுப் போன கதைகள் நம் பெரியவர்கள் வாயில் இன்னும் இருக்கின்றன.

அம்மன் கோபம் என்றார்கள் சிலர். படித்த டாக்டர்மாரிலும் பலர் கெட்ட காற்று என்றார்கள். 1854இல் லண்டனில் ஜோன் ஸ்னோ என்ற டாக்டர், செத்தவர்கள் பெரும்பாலும் ஒரே குழாய்க்கிணற்றுத் தண்ணீரைக் குடித்தவர்கள் என்று கண்டுபிடித்துக் காட்டினார். 1884இல் ஜெர்மன் டாக்டர் றொபேட் கொக், வாந்திபேதிக் கிருமியைக் கல்கத்தாவில் ஒரு குளத்துத் தண்ணீரிலேயே கண்டார். குளத்துத் தண்ணீர் என்பதைக் கவனியுங்கள்.

அதே செட்டிகுளம் பக்கத்தில் 2009இல் மெனிக் பாம் முகாம் இருந்தது. யுத்தத்தில் இடம்பெயர்ந்த 2 இலட்சத்திற்கும் மேற்பட்டவர்கள் ஒரே நேரத்தில் அங்கே இருந்தார்கள். 1958, 1977, 1983 கலவரங்களுக்குப் பின் மலைநாட்டிலிருந்து வன்னிக்குப் போய்க் குடியேறிய நம் சொந்தக்காரர்களும் அதில் இருந்தார்கள். தண்ணீரும் கக்கூசும் ஆட்களுக்குப் போதவில்லை. வயிற்றோட்டம், வயிற்றுளைவு, நெருப்புக் காய்ச்சல், செங்கண்மாரி எல்லாம் வந்தன. இதில் செங்கண்மாரி வைரசால் வருவது, பக்டீரியா அல்ல. ஆனால் வாய்க்குள் போகிற வழி ஒன்றுதான். 2012 செப்டெம்பரில் அந்த முகாம் மூடப்பட்டது.

இனி நம்முடைய சோற்றுப் பானைக்கு வருவோம்.

பக்டீரியா ஒன்று இரண்டாகப் பிரிந்து பெருகும். சூடும் ஈரமும் சாப்பாடும் கிடைத்தால் சில வகைகள் 20 நிமிடத்துக்கு ஒரு தடவை இரட்டிக்கும். காலை 5 மணிக்கு ஒரு கிருமி என்றால், பகல் 12 மணிக்கு 20 இலட்சத்தைத் தாண்டும். நம்ம மலைக் குளிரில் இந்த வேகம் குறையும், உண்மைதான். ஆனால் அடுப்பு மேடையில் மூடி வைத்த கறிப் பானைக்குள் மலைக் குளிர் எங்கே இருக்கிறது? வவுனியாவுக்கோ கிளிநொச்சிக்கோ சொந்தம் பார்க்கப் போகிறவர்கள் விடியக் கட்டிய சோற்றுப் பார்சலை, பஸ்ஸில் வைத்து, மாலையில் அவிழ்ப்பதையும் பார்க்கிறோம். அந்த வெக்கையில் மீன் கறியும் சோறும் ஒரு பகல் தாங்காது. போகிற வழிக்கு ரொட்டியும் வாழைப்பழமும் மேல்.

"சூடு பண்ணினா எல்லாம் செத்துப் போகும்" என்பது பாதி உண்மை. கிருமி சாகும். ஆனால் சில கிருமிகள் சாகுமுன் சாப்பாட்டில் விஷத்தைக் கக்கி வைக்கின்றன. அந்த விஷம் கொதித்தாலும் போகாது. சோற்றில் வளரும் ஒரு வகை, பசிலஸ் செரியஸ் என்று பெயர், கெட்டியான விதை மாதிரி உருவெடுத்து அரிசி வேகும் சூட்டையும் தாங்கும். பிறகு சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் முளைத்துப் பெருகும். ஆகவே மிஞ்சிய சோற்றை அகலமான பாத்திரத்தில் பரப்பிச் சீக்கிரம் ஆறவிட்டு, பெட்டி உள்ளவர்கள் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். இல்லாதவர்கள் அளவாகப் பொங்குவதே நல்லது.

இன்னொன்று நம் கைகளில் இருக்கிறது. கவ்வாத்துக் கத்தி பட்ட காயம், கொழுந்து பறித்து வெடித்த விரல், இவற்றில் சீழ் பிடித்தால் அங்கே ஸ்டெபிலோகொக்கஸ் என்ற கிருமி இருக்கும். அந்தக் கையால் தேங்காய்ச் சம்பல் பிசைந்தால், சாப்பிட்ட சில மணி நேரத்தில் வீட்டில் எல்லோருக்கும் வாந்தி. காயத்தைத் துணியால் கட்டி, கரண்டியால் கலக்குங்கள். முடிந்தால் அன்றைக்கு வேறு ஆள் சமைக்கட்டும். ஆம்பிளைகளும் சமைக்கலாம், சட்டம் ஒன்றும் தடுக்கவில்லை.

நெருப்புக் காய்ச்சல் வேறு மாதிரி. கிருமி உள்ளே போய் ஒரு கிழமை, இரண்டு கிழமை கழித்தே காய்ச்சல் காயும். அதனால் எதைச் சாப்பிட்டு வந்தது என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. காய்ச்சல் சுகமான பின்னும் சிலருடைய பித்தப்பையில் கிருமி தங்கிவிடும். அமெரிக்காவில் நியூயோர்க் நகரத்தில் மேரி மலன் என்றொரு சமையற்காரி இருந்தார். அவருக்கு ஒரு நோயும் தெரியவில்லை. அவர் சமைத்த பல வீடுகளில் நெருப்புக் காய்ச்சல் வந்தது. 1907இல் அவரைப் பிடித்துத் தனியே வைத்தார்கள். கோயில் திருவிழாவில் அன்னதானத்துக்குச் சமைக்கிறவர்கள், பிள்ளை மடுவத்தில் பால் கரைக்கிறவர்கள், கக்கூசுக்குப் போய் வந்து சவுக்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும் என்று நாங்கள் திரும்பத் திரும்பத் தொல்லைப்படுத்துவது இதற்காகத்தான்.

பீலித் தண்ணீர் தெளிவாக, சில்லென்று இருக்கிறது என்பதால் அது சுத்தம் என்றாகாது. மேலே இன்னொரு லயம் இருக்கிறதா, அங்கே கக்கூசுக் குழி எங்கே இருக்கிறது என்று ஏறிப் பாருங்கள். குடிக்கிற தண்ணீர் நன்றாகத் தளதளவென்று கொதிக்க வேண்டும். கொதித்த பின்னும் சில நிமிடம் விடுங்கள். ஆறவைத்து, மூடிய பாத்திரத்திலேயே வைக்க வேண்டும்.

வயிற்றோட்டம் வந்துவிட்டால் செய்ய வேண்டியது ஒன்று. "தண்ணி குடுத்தா இன்னும் போகும்" என்று பிள்ளைக்குத் தண்ணீரை நிறுத்தாதீர்கள். பேதியில் சாகிற பிள்ளை உடம்பில் நீரும் உப்பும் வற்றித்தான் சாகிறது. 1971இல் வங்காளதேச யுத்தத்தில் ஓடி வந்த அகதிகளுக்கு இந்தியாவின் பொங்கான் முகாமில் வாந்திபேதி கண்டது. ஊசி வழியாக ஏற்றும் சேலைன் தீர்ந்து போக, டாக்டர் திலீப் மகலநோபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைச் சொந்தக்காரர்கள் கையிலேயே கொடுத்துக் குடிக்க வைத்தார். நூற்றுக்கு 30 அளவில் இருந்த சாவு, 4க்கும் கீழே இறங்கியது. நாம் ஜீவனி என்று சொல்லும் பக்கெட்டும் இதே முறைதான்.

ஒரு பக்கெட் ஜீவனியை ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் முழுவதுமாகக் கரையுங்கள். பாதி பக்கெட், அரைக் கோப்பை என்று கணக்குப் பண்ண வேண்டாம். ஜீவனி இல்லாவிட்டால் ஒரு லீற்றருக்கு மட்டமாக 6 தேக்கரண்டி சீனியும், அரைத் தேக்கரண்டி உப்பும். உப்பு கூடக் கூடாது. கரண்டி கரண்டியாகக் கொடுங்கள், வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். கரைத்தது ஒரு நாளைக்கு மேல் கிடந்தால் ஊற்றிவிடுங்கள்.

கண் உள்ளே போய், அழுதால் கண்ணீர் வராமல், சிறுநீர் போகாமல், பிள்ளை சோர்ந்து கிடந்தால், அல்லது மலத்தில் இரத்தம் கண்டால், பெரட்டு முடியட்டும், சம்பளநாள் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். தோட்டத்து டிஸ்பென்சரிக்கு உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள். டிஸ்பென்சரி பூட்டியிருந்தால் நேரே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள், போகிற வழியெல்லாம் ஜீவனித் தண்ணீரைக் கொடுத்துக்கொண்டே போங்கள்.