சூழ்பொலிவும் சாம்பல் நிறத் தோற்றமும்

ஒரே சாம்பல் நிறப் பரப்பு, வெளிச்சமான பின்னணியில் கருமையாகவும் இருண்ட பின்னணியில் வெளிறியும் தோன்றுவது உடனிகழ் பொலிவு மாறுபாடு எனப்படும். பரப்பிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளி மாறுவதில்லை. அதைச் சூழ்ந்துள்ள பொலிவே மாறுகிறது.

இதை ஒத்த, எவரும் காணக்கூடிய எடுத்துக்காட்டு முழுநிலவு. நிலவின் மேற்பரப்பு தன்மீது படும் சூரிய ஒளியில் ஏறத்தாழ 12 விழுக்காட்டையே திருப்பி அனுப்புகிறது. மதுரை பழங்காநத்தத்தில் நின்று நிலவைப் பார்ப்பவரின் காலடியில் உள்ள பழைய தார்ச்சாலையும் ஏறக்குறைய அதே கருமை கொண்டதுதான். ஆயினும் நிலவைத் தார் நிறம் என்று யாரும் சொல்வதில்லை. சூரிய ஒளி விழும் அந்தக் கரும்பாறை, அதைவிட வெளிச்சமான எதுவும் அருகில் இல்லாத இரவு வானில் வெண்மையாகத் தெரிகிறது. சாணம் தெளித்த வாசலில் பளிச்சிடும் கோலமாவு, வெளிறிய சிமென்ட் தரையில் எடுபடாமல் போவதையும் இங்கே நினைக்கலாம்.

கண் ஒளியின் அளவை அப்படியே எடைபோடுவதில்லை. பக்கத்திலுள்ளதோடு ஒப்பிட்டு விகிதத்தையே கவனிக்கிறது. ஒளிவட்டத்தையும் அதைச் சுற்றிய வளையத்தையும் கொண்டு ஹான்ஸ் வாலாக் 1948இல் இதைச் சோதித்துக் காட்டினார். இது கண்ணின் குறை அன்று. நண்பகல் வெயிலில் ஒரு கறுப்புக் குடை அனுப்பும் ஒளி, இரவில் அறை விளக்கின்கீழ் வெள்ளைத்தாள் அனுப்புவதைவிட அதிகம். அளவை மட்டும் நம்பினால் குடை வெள்ளையாகவும் தாள் கறுப்பாகவும் தெரிய வேண்டியிருக்கும்.

விழித்திரையில் ஒளிபட்ட செல்கள் அண்டைச் செல்களின் துடிப்பைத் தணிப்பது இதற்கு ஒரு காரணம். அது மட்டும் போதாது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் எட்வர்ட் அடெல்சன் 1995இல் வெளியிட்ட சதுரங்கப்பலகைப் படத்தில், நிழலுக்குள் உள்ள 'வெள்ளை'க் கட்டமும் வெளியே உள்ள 'கறுப்பு'க் கட்டமும் ஒரே சாம்பல் நிறமே. நிழல் விழுந்திருப்பதை மூளை கணக்கில் கொண்டு தோற்றத்தைத் திருத்திவிடுகிறது. உண்மை தெரிந்த பிறகும் மாயை விலகாது. ஒரு தாளில் இரு துளையிட்டு மற்ற கட்டங்களை மறைத்தால்தான் இரண்டும் ஒன்றெனத் தெரியும்.

கண்புரை வந்தவர்களுக்கு இந்த ஒப்பீடே தடுமாறுகிறது. மங்கிய வில்லையில் சிதறும் ஒளி வெளிச்சத்துக்கும் இருளுக்கும் இடையிலான வேறுபாட்டைக் குறைத்துவிடுகிறது. பரிசோதனைப் பலகையின் கறுப்பு எழுத்துகளை வாசித்துவிடும் முதியவர், சாம்பல் நிறப் படிக்கட்டில் ஒரு படி எங்கே முடிகிறது என்று காணாமல் கால் தவறலாம். படியின் விளிம்பில் பூசும் வெள்ளைப் பட்டை அவருக்கு அந்த வேறுபாட்டைத் திருப்பித் தருகிறது.