பட்டம் விடும் பெண்

  

முதல்ல உங்க நோட்டுப் புத்தகத்தோட கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்க. அங்கே ஒரு பொண்ணு படம் கட்டாயம் இருக்கும். நீளக் கண், கூர் மூக்கு, தலை நிறைய பூ. எப்பவும் சிரிச்சுக்கிட்டே இருப்பா. முகத்துக்கு வண்ணம் தீட்ட "ஸ்கின் கலர் குடுடி"ன்னு கேட்டு, ரோஸ் கலர் கிரேயானை வாங்குவோம். ரோஸ் கலர்ல நம்ம வகுப்புல யார் இருக்காங்க? நானும் இதே தப்பைப் பல வருஷம் செஞ்சவள்தான்.

இப்படி வரையாத ஒரு பெண்ணைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அவர் பெயர் டி.கே. பத்மினி. (நடிகை பத்மினி இல்லை!) 1940-ல் கேரளாவில் பொன்னானி பக்கத்தில் உள்ள காடஞ்சேரி என்ற கிராமத்தில் பிறந்தார். சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். ஆனாலும் பெண் வரைவதை வீட்டில் தடுக்கவில்லை. பொன்னானியில் இருந்த கவிஞர் இடசேரி கோவிந்தன் நாயரும், ஓவியர் நம்பூதிரியும் ஊக்கம் கொடுத்தார்கள்.

1961-ல் சென்னைக்கு வந்து, எழும்பூர் பக்கத்தில் இருக்கும் அரசு ஓவியக் கல்லூரியில் சேர்ந்தார். 1850-ல் தொடங்கிய பழைய கல்லூரி அது. அப்போது அங்கே முதல்வர் கே.சி.எஸ். பணிக்கர். பின்னாளில், 1966-ல், கடற்கரை ஓரம் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கியவரும் அவரே. வெளிநாட்டு ஓவியத்தைப் பார்த்து அப்படியே வரையாதீர்கள், நம் மண்ணில் இருப்பதைப் பாருங்கள் என்பது அவர் வழி. பத்மினி பார்த்தது தன் ஊரை, அந்த ஊர்ப் பெண்களை.

அவர் வரைந்த பெண்கள் காலண்டர் பெண்கள் மாதிரி நம்மைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள். நிறம் மண் நிறம், கருத்த நிறம். தங்களுக்குள் ஏதோ யோசித்தபடி இருப்பார்கள். 'அழகா இல்லையே' என்றுதான் முதலில் எனக்கும் தோன்றியது. ரெண்டாவது தடவை பார்த்தபோதுதான் புரிந்தது. காலண்டர் படம், பார்க்கிறவங்களுக்காகப் போட்டது. பத்மினி படத்தில் இருக்கிற பொண்ணு யாருக்காகவும் உட்காரவில்லை, அவ பாட்டுக்கு இருக்கா. பெண்ணை ஆண்கள் வரைந்த படங்கள் ஆயிரம் உண்டு. ஒரு பெண்ணே வரைந்தால் என்ன மாறும் என்று கேட்டால், இதுதான் மாறும் என்பேன்.

படிப்பு முடித்து, சென்னையில் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியையாக வேலை பார்த்தார். 1968-ல் தன்னைப் போலவே ஓவியரான கே. தாமோதரனை மணந்தார். 1969 மே மாதம் பிரசவத்தில் இறந்துபோனார். 29 வயது நிறைய ஒரே ஒரு நாள் பாக்கி. அதற்குள் 200-க்கும் மேல் படங்கள் போட்டிருந்தார். 2018-ல் அவர் கதையை மலையாளத்தில் சினிமாவாகவே எடுத்தார்கள்.

அவருடைய கடைசி ஓவியம் பட்டம் விடும் ஒரு பெண். நம்ம ஊர்ல அறுப்பு முடிஞ்ச வயல்ல பட்டம் விடுறது யாரு? பசங்கதான். தங்கச்சிங்க நூல்கண்டைப் பிடிச்சுக்கிட்டு பின்னாடி ஓடணும். "நான் ஒரு தடவை விடறேண்ணா"ன்னா, "அறுத்துடுவே, போ"ன்னு பதில் வரும். பத்மினி படத்தில் பட்டம் விடுவதே அந்தப் பெண்தான்.

ஏழாவது வரைக்கும் வரைந்துகொண்டிருந்த எத்தனை தோழிகள் இப்போ வரையறதில்லை! எங்க வீட்டிலும், "பெரிய மனுஷி ஆயிட்டே, இன்னும் என்ன கிறுக்கல்?" என்று கேட்டார்கள். மார்கழியில் வாசலை அடைத்துக் கோலம் போட்டால் பாராட்டுகிறார்கள், அதையே தாளில் போட்டால் கிறுக்கலாம்!

ஓவியத்தை பிளஸ் டூ முடித்துக் கல்லூரியிலேயே படிக்கலாம். பத்மினி படித்த அதே கல்லூரி இப்போதும் சென்னையில் இருக்கிறது. கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரி உண்டு. விவரம் நம் ஓவிய ஆசிரியரிடம் கேளுங்கள்.

இந்தத் தாளுக்குக் கீழே ஒரு முழம் இடம் காலியாக விட்டிருக்கிறோம். உங்க அம்மாவையோ, ஆயாவையோ, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தோழியையோ இருக்கிறபடியே வரைந்து, வெள்ளிக்கிழமைக்குள் சுவரிதழ்க் குழுவிடம் கொடுங்கள். ரோஸ் கலர் வேண்டாம்!

– 11-ஆம் வகுப்பு மாணவி, சுவரிதழ்க் குழு