மாருதி 800 நிறுத்தி அமைப்பும் கோளாறுகளும்

மாருதி 800 என்பது 1983 முதல் 2014 வரை இந்தியாவில் உற்பத்தி செய்யப்பட்ட சிறிய வகைத் தானுந்து ஆகும். 1986 இல் வெளிவந்த இரண்டாம் தலைமுறை வடிவில் முன் சக்கரங்களுக்கு வட்டு நிறுத்திகளும் பின் சக்கரங்களுக்கு உருளை நிறுத்திகளும் பொருத்தப்பட்டன. சக்கரப் பூட்டுத் தடுப்பு போன்ற மின்னணு வசதிகள் இவ்வண்டியில் இல்லை. எனவே இதன் கோளாறுகளில் பெரும்பாலானவற்றை மிதியின் உணர்வு, ஒலி, மணம், கசிவு ஆகியவற்றைக் கொண்டே கண்டறிய இயலும்.

இயங்கும் முறை

மூடிய நீர்மத்தின் மீது செலுத்தப்படும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும் என்னும் பாசுக்கல் விதியே இவ்வமைப்பின் அடிப்படையாகும். ஓட்டுநர் மிதியை அழுத்தும்போது மாஸ்டர் சிலிண்டரில் உள்ள நீர்மம் குழாய்கள் வழியே தள்ளப்படுகிறது. முன் சக்கரங்களில் உராய்வுப் பட்டைகள் வட்டை இருபுறமும் கவ்வுகின்றன. பின் சக்கரங்களில் வளைந்த காலணிகள் விரிந்து உருளையின் உட்புறத்தை உரசுகின்றன. வண்டியின் இயக்க ஆற்றல் இவ்வுராய்வினால் வெப்பமாக மாறுகிறது. கைநிறுத்தி, கம்பி வடத்தின் மூலம் பின் காலணிகளை மட்டும் இயக்குகிறது.

அறிகுறிகளும் காரணங்களும்

* மிதி பஞ்சுபோல் அமிழ்தல்: குழாய்களில் காற்று புகுந்துள்ளது. நீர்மம் சுருங்காது, காற்று சுருங்கும். அதனால் மிதியின் விசை சக்கரத்தை முழுமையாக அடைவதில்லை.
* அழுத்திப் பிடித்த மிதி மெல்ல இறங்குதல்: எங்கேனும் நீர்மம் கசிகிறது. வெளியே கசிவு காணப்படாவிடில் மாஸ்டர் சிலிண்டரின் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் தேய்ந்திருக்கலாம்.
* இரண்டாம் முறை மிதித்தால் மட்டும் மிதி உயர்தல்: பின் காலணிகளுக்கும் உருளைக்கும் இடைவெளி மிகுந்துள்ளது.
* வண்டி ஒரு பக்கம் இழுத்தல்: ஒரு பக்கத்து உந்துதண்டு இறுகியிருக்கலாம், பட்டையில் எண்ணெய் படிந்திருக்கலாம் அல்லது சக்கரங்களின் காற்றழுத்தம் வேறுபடலாம்.
* உலோகம் உரசும் ஒலி: பட்டை முற்றிலும் தேய்ந்து, அதன் இரும்புத் தகடு வட்டை அறுக்கிறது.
* மிதியில் துடிப்பு: வட்டின் தடிமன் சீராக இல்லை.
* ஒரு சக்கரம் மட்டும் மிகையாகச் சூடாதல்: நிறுத்தி விடுபடவில்லை. உட்புறம் வீங்கிய ரப்பர் குழாயும் இதற்குக் காரணமாகலாம்.

நிறுத்தி நீர்மம்

பட்டறைகளில் பிரேக் ஆயில் எனப்படும் இந்நீர்மம் உண்மையில் எண்ணெய் அன்று. கிளைக்கால் சேர்மங்களால் ஆன இது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகையின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியசு. ஈரம் ஏறியபின் அது 140 பாகை வரை குறையலாம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள் போன்ற மலைப்பாதையில் நிறுத்தியை இடைவிடாது மிதித்து இறங்கினால் பழைய நீர்மம் கொதித்து ஆவியாகும். ஆவி சுருங்கக்கூடியது என்பதால் மிதி திடீரெனத் தரை வரை செல்லும். தாழ்ந்த பல்லிணையில் இறங்குவதும், ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நீர்மத்தை மாற்றுவதும் இவ்விபத்தைத் தவிர்க்கும். இயந்திர எண்ணெயை இதில் கலந்தால் ரப்பர் பாகங்கள் வீங்கிக் கெடும்.

காற்று நீக்கல்

இப்பணிக்கு இருவர் தேவை. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கலனில் நீர்மம் நிரப்பப்படுகிறது. பொதுவாக மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவில் உள்ள சக்கரத்திலிருந்து பணி தொடங்கும். எனினும் வண்டியின் கையேடு கூறும் வரிசையே இறுதியானது. காற்று நீக்கும் திருகில் ஒளிபுகு குழாயைச் செருகி, அதன் மறுமுனை நீர்மம் உள்ள குப்பியில் அமிழ்த்தப்படுகிறது. ஒருவர் மிதியைச் சிலமுறை அழுத்திப் பின் அழுத்தியே வைத்திருக்க, மற்றவர் திருகைத் தளர்த்துகிறார். மிதி இறங்கியதும், அதை விடுவதற்கு முன்பே திருகு இறுக்கப்பட வேண்டும். இல்லையேல் காற்று மீண்டும் உட்புகும். குமிழிகள் நிற்கும் வரை இது தொடரும். இடையில் கலன் வறண்டால் பணியை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பாதுகாப்பு

சாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் செல்லலாகாது. தாங்கு கால்கள் தேவை. பழைய காலணிகளின் தூசியில் கல்நார் இருக்கக்கூடும் என்பதால் அதைக் காற்றால் ஊதாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பட்டைகளையும் காலணிகளையும் ஒரு பக்கத்திற்கு மட்டும் மாற்றாமல், ஒரே அச்சின் இரு சக்கரங்களுக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும். பணி முடிந்ததும் மிதி உறுதியாகும் வரை வண்டியை நகர்த்தலாகாது. கசிவுள்ள வண்டியில் நீர்மத்தை மட்டும் நிரப்பி ஓட்டுவது பழுதுபார்த்தல் ஆகாது. கசிவு சீராகும் வரை அவ்வண்டி சாலைக்கு உரியதன்று.