தைராய்டுச் சோதனை சொல்வதும் சொல்லாததும்

ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த ஒரு தாளில் 'டி.எஸ்.எச். 2.1' என்று அச்சிடப்பட்டிருக்கிறது. அதன் பக்கத்திலேயே 'இயல்பான அளவு 0.4 முதல் 4.0 வரை' என்ற குறிப்பும் இருக்கிறது. இதைப் படிக்கும் நீங்கள் என்ன முடிவுக்கு வருவீர்கள்? தைராய்டில் கோளாறு ஏதும் இல்லை என்றுதானே? நானும் அந்த முடிவுக்குத்தான் வந்தேன். அந்தத் தாள் என் அக்காவுடையது. கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் நான், "அக்கா, எண்ணே சொல்லிவிட்டது. உனக்குத் தைராய்டுக் கோளாறு இல்லை" என்று அடித்துச் சொன்னேன்.

அது தவறு. தவறு என்று தெரிய மேலும் நான்கு ஆண்டுகள் ஆயின. ஆய்வுக்கூடம் தவறாக அளக்கவில்லை, கருவியிலும் பழுதில்லை. அப்படியானால் பிழை எங்கே நேர்ந்தது? அதைத்தான் இக்கட்டுரையில் காணப்போகிறோம்.

ஒன்பது ஆண்டுச் சோர்வு

காவிரி கடலோடு கலக்கும் பூம்புகார்ப் பகுதிதான் எங்கள் ஊர். அக்காவுக்கு 2009-இல் இரண்டாவது பிரசவம் நடந்தது. குழந்தை நலமாகப் பிறந்தது. ஆனால் தாய்க்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை. நான்கு பாட்டில் இரத்தம் ஏற்றி உயிரைக் காப்பாற்றினார்கள். வீடு திரும்பிய பிறகு அக்காவுக்குத் தாய்ப்பால் சுரக்கவே இல்லை. "உடம்பில் இரத்தமே இல்லை, பால் எங்கிருந்து வரும்?" என்றார் அம்மா. குழந்தை புட்டிப்பாலில் வளர்ந்தது. அக்காவுக்கு மாதவிலக்கும் திரும்ப வரவில்லை. அப்போது அவருக்கு வயது 27.

பிறகு மெல்ல மெல்ல ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. காலையில் எழும்போதே களைப்பு. சித்திரை வெயிலிலும் மின்விசிறியை நிறுத்தச் சொல்லும் அளவுக்குக் குளிர். மலச்சிக்கல், வறண்ட தோல், கரகரத்த குரல், மறதி. ஒரு மருத்துவர் இரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். இன்னொருவர் மனச்சோர்வு என்றார். மூன்றாமவர் சத்து டானிக் எழுதினார். அவர்களில் யாரும் அக்கறையற்றவர் அல்லர். இந்தக் குறிகள் ஒவ்வொன்றும் பத்து நோய்களுக்குப் பொதுவானவை. நம் நாட்டுப் பெண்களில் இரத்தசோகை உள்ளவர்களோ ஏராளம். எனவே முதலில் அதை ஐயுறுவது இயல்பே.

தைராய்டாக இருக்குமோ என்ற பேச்சு எழுந்தபோது, "கடற்கரையில் இருந்துகொண்டு மீனும் உப்பும் சாப்பிடுகிற நமக்கா?" என்று உறவினர்கள் சிரித்தார்கள். இந்த நம்பிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. அயோடின் குறைவால் கழுத்தில் வீக்கம் வரும் கழலை நோய் இமயமலை அடிவாரத்தில் மிகுதியாக இருந்தது. 1956-இல் காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி. இராமலிங்கசுவாமியும் அவர் குழுவினரும் அயோடின் கலந்த உப்பைக் கொடுத்து, நோய் குறைவதை மெய்ப்பித்தார்கள். இதனால் தைராய்டு என்றாலே மலைநாட்டு நோய் என்ற எண்ணம் பலர் மனத்தில் தங்கிவிட்டது. உண்மையில் கடல்நீரைக் காய்ச்சி எடுக்கும் சாதாரண உப்பில் அயோடின் மிகமிகக் குறைவு. வேதாரண்யம் உப்பளத்து உப்பானாலும் அயோடின் சேர்த்தால்தான் உண்டு. மேலும், தைராய்டு குறைவுக்கு அயோடின் பற்றாக்குறை ஒன்றே காரணமன்று. 2013-இல் வெளியான ஓர் ஆய்வு, சென்னை உள்ளிட்ட எட்டு இந்திய நகரங்களில் வயது வந்தோரைச் சோதித்து, ஏறக்குறைய 11 விழுக்காட்டினருக்குத் தைராய்டு குறைவு இருப்பதாகக் கண்டது. அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் அதுவரை தமக்கு அந்நோய் இருப்பதை அறியாதவர்கள்.

கடைசியாக 2014-இல் அக்காவுக்கு டி.எஸ்.எச். சோதனை செய்தார்கள். வந்த எண்தான் தொடக்கத்தில் நீங்கள் கண்ட 2.1.

மதகும் வயலில் நிற்கும் ஆளும்

டி.எஸ்.எச். என்பது தைராய்டில் சுரக்கும் பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியன்று. தைராய்டு சுரப்பி கழுத்தின் முன்புறம் வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்திருக்கிறது. அது சுரக்கும் முதன்மையான ஹார்மோன் தைராக்சின். உடலின் ஒவ்வோர் உயிரணுவும் எவ்வளவு விரைவாக வேலை செய்ய வேண்டும் என்பதை இதுவே நிர்ணயிக்கிறது. டி.எஸ்.எச். சுரப்பதோ மூளையின் அடியில் பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பியில். 'தைராய்டே, சுரப்பாயாக' என்று அது அனுப்பும் கட்டளையே டி.எஸ்.எச். ஆகும்.

இதை நம் கடைமடைப் பகுதிக் காட்சி ஒன்றால் விளக்கலாம். வயலில் ஓர் ஆள் நிற்கிறார். சற்றுத் தொலைவில் மதகு இருக்கிறது. வயலில் நீர் குறைந்தால் அந்த ஆள் மதகைத் திறக்கச் சொல்லி உரக்கக் கூவுகிறார். நீர் போதுமானால் குரலைத் தணிக்கிறார். நீர் மிகுந்தால் வாயை மூடிக்கொள்கிறார். இங்கே வயல் நீர்தான் தைராக்சின், மதகு தைராய்டு, கூவும் ஆள் பிட்யூட்டரி, அவர் குரலே டி.எஸ்.எச். இயற்பியலில் இதைப் பின்னூட்டச் சுற்று என்போம்.

குரல் ஓங்கி ஒலித்தால் வயல் காய்கிறது என்று பொருள், அதாவது டி.எஸ்.எச். ஏறினால் தைராய்டு குறைவு. குரலே கேட்கவில்லை என்றால் நீர் மிகுதி; அதாவது டி.எஸ்.எச். இறங்கினால் தைராய்டு மிகை. இந்த ஆளின் குரல் வியப்பூட்டும் அளவுக்கு நுட்பமானது. தைராக்சின் அளவு பாதியாகக் குறைந்தால் டி.எஸ்.எச். ஏறக்குறைய 100 மடங்கு உயர்கிறது. ஆகவே நீரை அளப்பதைவிடக் குரலைக் கேட்பது எளிது; சிறு குறையையும் முன்கூட்டியே அது காட்டிக்கொடுத்துவிடும். மருத்துவர்கள் முதலில் டி.எஸ்.எச். ஒன்றை மட்டும் கேட்பதற்கு இதுவே காரணம். பெரும்பாலான நோயாளிகளிடம் இந்த முறை சரியான விடையையே தருகிறது.

இயற்பியல் தந்த அளவுகோல்

ஒரு மில்லிலிட்டர் குருதியில் இத்தகைய ஹார்மோன்கள் ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோ இருக்கும். இதை அளக்கும் வழியைக் கண்டவர்களில் ஒருவர் இயற்பியலாளர். அவர் பெயர் ரோசலின் யாலோ. அணுக்கரு இயற்பியலில் ஆய்வுப் பட்டம் பெற்ற அவர், நியூயார்க்கில் முன்னாள் படைவீரர் மருத்துவமனை ஒன்றில் சாலமன் பெர்சன் என்ற மருத்துவரோடு சேர்ந்து உழைத்தார். 1950-களின் இறுதியில் அவர்கள் உருவாக்கிய முறை மிக எளிய கருத்தை அடிப்படையாகக் கொண்டது.

ஓர் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்பொருளைக் குறிப்பிட்ட அளவு எடுத்துக்கொள்கிறோம். அதனுடன் கதிரியக்க அயோடின் பூட்டிய அதே ஹார்மோனைத் தெரிந்த அளவில் சேர்க்கிறோம். பிறகு நோயாளியின் குருதி நீரைச் சேர்க்கிறோம். பேருந்தில் இருக்கைகள் குறைவு, பயணிகள் மிகுதி என்றால் என்ன ஆகும்? இடத்துக்குப் போட்டி நடக்கும் அல்லவா? அதுபோலவே நோயாளியின் ஹார்மோனும் கதிரியக்க ஹார்மோனும் எதிர்ப்பொருளில் இடம்பிடிக்கப் போட்டியிடுகின்றன. நோயாளியின் ஹார்மோன் மிகுதியாக இருந்தால், இடம்பிடித்த கதிரியக்க ஹார்மோன் குறைவாக இருக்கும். கதிர்வீச்சை எண்ணினால் அளவு தெரிந்துவிடும்.

யாலோவுக்கு 1977-இல் நோபெல் பரிசு கிடைத்தது. பெர்சன் 1972-இலேயே காலமாகிவிட்டார். அதே பரிசின் மறுபாதியைப் பெற்ற கில்லெமினும் ஷாலியும், பிட்யூட்டரிக்கே கட்டளையிடும் மூளை ஹார்மோன்களைப் பிரித்தெடுத்தவர்கள். இன்றைய ஆய்வுக்கூடங்களில் கதிரியக்கத்துக்குப் பதிலாக வேதி ஒளிர்வைப் பயன்படுத்துகிறார்கள். ஆயினும் எதிர்ப்பொருளைக் கொண்டு ஹார்மோனைப் பிடிக்கும் அடிப்படை மாறவில்லை.

குரல் ஏன் பொய்த்தது?

இப்போது நம் வயலுக்குத் திரும்புவோம். கூவ வேண்டிய ஆளுக்கே தொண்டை கட்டிவிட்டால்? வயல் வெடித்துக் கிடக்கும், குரலோ எழும்பாது. குரலை மட்டும் கேட்பவர் 'நீர் போதுமான அளவு இருக்கிறது' என்று முடிவு கட்டுவார். அக்காவுக்கு நேர்ந்தது இதுதான்.

கருவுற்ற காலத்தில் பிட்யூட்டரி பெருக்கிறது; அதன் இரத்தத் தேவையும் கூடுகிறது. பிரசவத்தில் இரத்தம் மிகுதியாக வெளியேறி இரத்த அழுத்தம் விழுந்தால், இந்தச் சுரப்பிக்கு இரத்தம் போதாமல் அதன் திசு மடிந்துபோகக்கூடும். 1937-இல் இதை விரிவாக விளக்கியவர் ஹெரால்டு ஷீஹன் என்னும் ஆங்கில நோயியலறிஞர். அவர் பெயராலேயே இது ஷீஹன் நோய் எனப்படுகிறது. நல்ல பிரசவ வசதியுள்ள இடங்களில் இது அரிது. ஆனால் காஷ்மீரில் நடந்து 2005-இல் வெளியான ஆய்வு ஒன்று, பிள்ளை பெற்ற 20 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் ஏறக்குறைய 3 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருப்பதாகக் கணித்தது. அவர்களில் பெரும்பாலோர் வீட்டிலேயே பிரசவித்தவர்கள்.

பிட்யூட்டரி பழுதானவர்களின் டி.எஸ்.எச். முற்றிலும் அற்றுப்போவதில்லை. வீரியம் குன்றிய டி.எஸ்.எச். ஓரளவு சுரந்துகொண்டே இருக்கலாம். சோதனை அதன் அளவைக் கூறும், வீரியத்தைக் கூறாது. ஆகவே எண் இயல்பான எல்லைக்குள்ளேயே நிற்கக்கூடும். தைராக்சின் 'போதும்' என்னும்போது வரும் 2.1 வேறு, தைராக்சின் வறண்டு கிடக்கும்போது வரும் 2.1 வேறு. இரண்டையும் பிரித்தறியத் தனித் தைராக்சின் அளவையும் கூடவே பார்க்க வேண்டும்.

எண் நம்மைக் குழப்பும் வேறு இடங்களும் உண்டு. கருவுற்ற முதல் மூன்று மாதங்களில் டி.எஸ்.எச். இயல்பாகவே சற்றுத் தாழும். கடும் நோயுற்றுப் படுத்திருக்கும்போதும் அளவுகள் மாறும். முடி உதிர்வதற்காக விற்கும் மாத்திரைகளில் உள்ள பயோட்டின் என்னும் வைட்டமின் சில சோதனை முறைகளையே குழப்பி, டி.எஸ்.எச். குறைவாகவும் தைராக்சின் மிகுதியாகவும் இருப்பதுபோல் காட்டிவிடும். தைராய்டு குறைந்தால் முடி உதிரும். முடி உதிர்ந்தால் பயோட்டின் வாங்குகிறோம். பயோட்டின் சாப்பிட்டால் சோதனை தவறிவிடக்கூடும். இந்தச் சுழலில் சிக்குபவர்கள் பலர்.

ஒரு கேள்வி

2018-இல் ஒரு காய்ச்சலின்போது அக்கா வாந்தியெடுத்து மயங்கி விழுந்தார். இரத்தத்தில் சோடியம் மிகவும் இறங்கியிருந்தது. அன்று பணியிலிருந்த மருத்துவர் பழைய தாள்களைப் புரட்டவில்லை. படுக்கையருகே ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "அம்மா, கடைசிப் பிரசவத்தில் இரத்தம் அதிகமாகப் போயிற்றா? பால் சுரந்ததா?" என்று கேட்டார். ஒன்பது ஆண்டுகளில் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. நாங்களாகவும் சொல்லவில்லை. பழைய பிரசவத்துக்கும் இன்றைய களைப்புக்கும் தொடர்பிருக்கும் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

தனித் தைராக்சின் மிகவும் குறைந்திருந்தது. காலை நேரக் கார்ட்டிசால் ஏறத்தாழ இல்லை எனலாம். எம்.ஆர்.ஐ. படத்தில் பிட்யூட்டரி சுருங்கி, அது இருக்க வேண்டிய குழி வெறுமையாகத் தெரிந்தது. முதலில் கார்ட்டிசாலுக்கு ஈடான மருந்து கொடுத்தார்கள். அதன் பிறகே தைராக்சின் மாத்திரை தொடங்கினார்கள். இந்த வரிசை மிக முக்கியம். கார்ட்டிசால் இல்லாத உடலில் தைராக்சினை மட்டும் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். 'எதற்கும் இருக்கட்டும்' என்று கடையில் தைராய்டு மாத்திரை வாங்கி விழுங்குவது எவ்வளவு அபாயம் என்பதை இதிலிருந்து உணரலாம்.

நீங்கள் செய்யக்கூடியது

டி.எஸ்.எச். இயல்பாக உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்குத் தைராய்டு நலமாகவே இருக்கிறது. அவர்களுடைய களைப்புக்கு வேறு காரணத்தைத் தேட வேண்டும். ஆகவே எல்லோரும் சோதனையை ஐயுறத் தேவையில்லை. ஆனால் மருத்துவரிடம் போகும்போது தாளோடு கதையையும் கொண்டுபோங்கள். களைப்பு எப்போது தொடங்கியது? பிரசவத்தில் இரத்தப்போக்கு மிகுந்ததா? பால் சுரந்ததா? மாதவிலக்கு திரும்பியதா? தலையில் பலத்த அடியோ அறுவையோ கதிர்வீச்சுச் சிகிச்சையோ உண்டா? சாப்பிடும் மாத்திரைகள் எவை? இவற்றை ஒரு காகிதத்தில் வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். பயோட்டின் சாப்பிடுவதானால் மருத்துவரிடம் சொல்லி, சோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்னதாக நிறுத்திவிடுங்கள். பிட்யூட்டரியில் ஐயம் இருந்தால், "தனித் தைராக்சினும் பார்க்கலாமா, ஐயா?" என்று பணிவாகக் கேட்பதில் தவறில்லை. தைராக்சினின் அரை ஆயுட்காலம் உடலில் ஏறத்தாழ ஒரு வாரம். ஆகவே மருந்தின் அளவை மாற்றிய மறுவாரமே சோதனை செய்து கலங்காதீர்கள். ஆறு முதல் எட்டு வாரம் பொறுக்க வேண்டும்.

அக்கா இப்போது நாள்தோறும் மாத்திரை சாப்பிடுகிறார். காய்ச்சல் வந்தால் கார்ட்டிசால் மருந்தைக் கூட்ட வேண்டும் என்று எழுதிய அட்டை எப்போதும் அவர் கைப்பையில் இருக்கிறது. சென்ற ஆடிப்பெருக்கன்று சங்கமத்துறை வரை அவர் நடந்தே வந்தார். வழியில் என்னிடம், "தம்பி, அன்னிக்கு எண்ணே சொல்லிடுச்சுன்னு சொன்னியே, ஞாபகம் இருக்கா?" என்று சிரித்தபடி கேட்டார். நான் நன்றாகவே நினைவு வைத்திருக்கிறேன். ஒரு கருவி எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை என்று முதலில் கேள் என ஆண்டுதோறும் மாணவர்களுக்குச் சொல்பவன், சொந்த அக்காவின் தாளைக் கையில் வாங்கியபோது அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. உங்கள் வீட்டிலும் பிரசவத்துக்குப் பிறகு தேறாமலே இருக்கும் பெண் யாரேனும் இருந்தால், நீங்களாவது கேளுங்கள்.