ஒரு தேக்கரண்டித் திரவமும் ஒரு காற்றுக் குமிழும்

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தோருக்குப் பழைய வாகனங்களின் அருமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1990ஆம் ஆண்டில் பொருளாதாரத் தடை இறுகிப் பெற்றோல் கிடைக்காது போன வேளையில், ஒஸ்ரின், மொறிஸ் மைனர் முதலிய பிரித்தானியக் கார்களே எம்மக்களுக்குக் கைகொடுத்தன. சிறிதளவு பெற்றோலில் இயந்திரத்தை இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினர். அழுத்த விகிதம் குறைந்த அப்பழைய இயந்திரங்கள் மண்ணெண்ணெயைச் சகித்துக்கொண்டன என்பதே அதன் இரகசியம். இவ்வாறு காரணமறிந்து கருவியைக் கையாண்ட தலைமுறையினர் பலர் இன்று ரொறன்ரோவில் வாழ்கின்றனர்.

இந்நாட்டில் நீண்ட பனிக்காலத்தில் கராஜினுள் இருந்து சொந்தமாகக் கார் கட்டுவது ஒரு பொழுதுபோக்கு. 1957இல் பிரித்தானியாவில் வெளிவந்த லோட்டஸ் செவன், பகுதிகளாக வாங்கி வீட்டிலேயே பூட்டக்கூடியதாக விற்கப்பட்டது. 1996இல் றொன் சாம்பியன் என்பவர் எழுதிய நூல், பழைய கார் ஒன்றின் உறுப்புகளைக் கொண்டு அத்தகைய காரைக் குறைந்த செலவில் கட்டும் வழியைப் பலருக்குக் கற்பித்தது. எம் இளைஞர் எவரேனும் இம்முயற்சியில் இறங்குவாராயின், அவர் பொறுமையைச் சோதிக்கும் இடங்களுள் ஒன்று கிளச் ஆகும்.

வீட்டில் கட்டும் காரில் பெடல் ஒரு வாகனத்தினது, கியர்ப்பெட்டி வேறொரு வாகனத்தினது. கம்பியோ தண்டோ பொருந்தாதவிடத்தில் குழாய்வழித் திரவமே இரண்டையும் இணைக்கிறது. பெடலை அமத்தினால் மாஸ்ரர் சிலிண்டர் திரவத்தைத் தள்ளும்; அத்திரவம் மறுமுனையிலுள்ள சிலேவ் சிலிண்டரைத் தள்ளிக் கிளச்சை விடுவிக்கும்.

இங்கே தள்ளப்படும் திரவத்தின் அளவு எவ்வளவு? 5/8 அங்குல விட்டமுள்ள மாஸ்ரர் சிலிண்டர் 30 மில்லிமீற்றர் நகர்ந்தால் வெளியேறுவது ஏறத்தாழ 6 மில்லிலீற்றர் மட்டுமே. ஒரு தேக்கரண்டிக்குச் சற்றே கூடுதல்! மறுமுனையில் 7/8 அங்குலச் சிலிண்டர் இருந்தால், அதன் தண்டு சுமார் 15 மில்லிமீற்றர் நகரும். குழாயில் 2 மில்லிலீற்றர் காற்று தங்கியிருந்தால் நிலைமை என்ன? திரவம் சுருங்காது, காற்றோ இருபது மடங்கு அழுத்தத்தில் இருபதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அதாவது, தள்ளலில் மூன்றிலொரு பங்கு குமிழை நசுக்குவதிலேயே வீணாகும். தண்டு 10 மில்லிமீற்றர் மட்டுமே நகரும். கிளச் முழுதாக விடுபடாது. சிவப்பு விளக்கில் கியரில் நிற்கும் கார், பெடலை அமத்தியிருக்கும்போதே பாதசாரிகளை நோக்கி ஊரத் தொடங்கினால் ஏற்படும் ஆபத்தைச் சொல்லவும் வேண்டுமோ?

காற்றெடுத்தல் இருவர் செய்யும் வேலை. வாகனத்தை உறுதியான தாங்கிகளில் நிறுத்த வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே படுத்தல் கூடாது. சிலேவ் சிலிண்டரின் நிப்பிளில் ஒளிபுகும் ரியூப்பைப் பூட்டி, அதன் மறுமுனையைச் சிறிது திரவமுள்ள போத்தலில் அமிழ்த்த வேண்டும். ஒருவர் பெடலை மெதுவாக அமத்திப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைச் சிறிது திறந்து குமிழ்களை வெளியேற்றுவார். பெடலை விடுவதற்கு முன்னர் நிப்பிள் பூட்டப்பட வேண்டும். இன்றேல் காற்று மீண்டும் உட்புகும். "அமத்து, பிடி, பூட்டியாச்சு, விடு" என்ற ஒழுங்கு தவறாது தொடர வேண்டும். மேலுள்ள திரவக்கிண்ணம் ஒருபோதும் வற்றலாகாது.

இவ்வளவும் செய்தும் பெடல் பஞ்சுபோல் இருந்தால், மேலும் மேலும் அமத்துவதால் பயனில்லை. காற்று எப்போதும் மேட்டையே நாடும். தொழிற்சாலைக் காரில் நிப்பிள் சிலிண்டரின் உச்சியில் இருக்குமாறு வடிவமைப்பர். வீட்டில் கட்டிய காரிலோ சிலிண்டர் தலைகீழாகப் பூட்டப்பட்டிருக்கலாம். குழாய் நடுவழியில் மேடுகட்டி வளைந்திருக்கலாம். முதலாவது குறைக்கு, சிலிண்டரைக் கழற்றி, நிப்பிள் மேல்நோக்கும்படி பிடித்து, பிஸ்டன் வெளியே பாயாதவாறு கட்டிவைத்துக் காற்றெடுக்கலாம். இரண்டாவது குறைக்கு, குழாயைச் சிலேவிலிருந்து மாஸ்ரர் வரை சீராக ஏறும்படி மாற்றுவதே தீர்வு. ஊசிக்குழாயால் கீழிருந்து மேலாகத் திரவத்தைச் செலுத்துவதும் பலன் தரும்.

இறுதியாக, கால் சொல்வதை மட்டும் நம்பாது, தண்டின் நகர்வை அளவுகோலால் அளக்க வேண்டும். காற்று முற்றாக நீங்கியும் நகர்வு போதாதெனில், குறை குமிழில் அன்று, சிலிண்டர்களின் பொருத்தத்தில் உள்ளது. மாஸ்ரரை 3/4 அங்குலத்திற்கு மாற்றினால் 15 மில்லிமீற்றர் 22 ஆகும். ஆனால் பெடலும் அதற்கேற்பக் கடினமாகும்.

தயாரிப்பாளர் குறித்த திரவத்தையே ஊற்றுக. டொட் 3, டொட் 4 வகைகளுக்குரிய இறப்பர் வளையங்களை இயந்திர எண்ணெய் ஊதவைத்துக் கெடுத்துவிடும். இத்திரவங்கள் ஈரத்தை உறிஞ்சுவன. ஆதலால் நெடுநாள் திறந்திருந்த போத்தல் ஆகாது. அவை வண்ணப்பூச்சையும் அரிக்கும், கண்ணுக்கும் தீங்கானவை. கழிவுத் திரவத்தைத் தெருவோர வடிகாலில் ஊற்றாது, மாநகரசபையின் அபாயக் கழிவு சேகரிப்பிடத்தில் ஒப்படைத்தல் வேண்டும். வீதியில் தூவப்படும் உப்பு உருக்குக் குழாயைத் தின்னும் இந்நகரில், செப்பு-நிக்கல் குழாயே நெடுநாள் உழைக்கும்.

ஒன்ராறியோவில் கூலிக்குப் பிறர் வாகனம் திருத்துவதற்குத் தொழிற்சான்றிதழ் கட்டாயம். தன் காரைத் தானே கட்டுவோரும், வீதியில் இறக்குமுன் பாதுகாப்புச் சான்றிதழ் பெறவேண்டும். கடதாசி இல்லாமையால் கராஜ் வேலையைக் கைவிட்ட எம் மூத்தோர் பலரிடம் கைத்திறன் இன்னும் உறங்கிக் கிடக்கிறது. பெடலில் ஒருவரும் நிப்பிளில் ஒருவருமாகச் செய்யும் இவ்வேலைக்குப் பிள்ளைகள் அவர்களைத் துணைக்கு அழைப்பார்களாயின், காற்று வெளியேறுவதோடு அவ்வறிவும் அடுத்த தலைமுறையின் கைக்கு மாறும்.