திரையே இல்லாத கம்ப்யூட்டரும் முகம் காட்டும், தெரியுமா?

கோவை உக்கடம் பழைய சாமான் கடைகளில் மானிட்டர் இல்லாமல் கிடக்கும் கம்ப்யூட்டர் பெட்டியைப் பார்த்திருப்பீங்க. அதற்குள் யூனிக்ஸ் என்ற இயங்குதளம் உயிரோடு இருந்தால் திரையே வேண்டாம், ஒரு நெட்வொர்க் கேபிள் போதும். நிரல் பழைய பெட்டியில் ஓடும். அதன் சன்னல் மட்டும் உங்கள் புது லேப்டாப்பில் திறக்கும், மவுஸுக்கும் கீபோர்டுக்கும் பதில் சொல்லும்!

இதைச் செய்வது எக்ஸ் விண்டோ சிஸ்டம். 1984-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பாப் ஷெயிஃப்லரும் ஜிம் கெட்டிஸும் தொடங்கியது. 11-ஆம் பதிப்பு 1987 செப்டம்பரில் வந்தது. இன்று வரை 12 வரவேயில்லை! அதனால்தான் 80களின் கடைசியில் எழுதிய நிரலும் இன்றைய திரையோடு பேசுகிறது.

இதில் எது 'சர்வர்' தெரியுமா? உங்கள் கண்ணெதிரே இருக்கும் திரைதான்! எங்கோ தொலைவில் ஓடும் நிரல், அதனிடம் வேலை கேட்டு வரும் 'கிளையன்ட்'. அது வீடியோ அனுப்புவதில்லை. இங்கே ஒரு கோடு போடு, அங்கே ஒரு எழுத்து எழுது என்று கட்டளை மட்டும் அனுப்புகிறது. கோடும் பட்டனுமாக இருக்கும் பழைய நிரல்களுக்கு அந்தக் காலத்து மெதுவான நெட்வொர்க்கே தாராளம்.

ஓடுவது ஓரிடம், தெரிவது ஓரிடம் என்ற இதே எண்ணத்தில் நம் சென்னையிலும் ஒரு கம்ப்யூட்டர் பிறந்தது! ஐ.ஐ.டி. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா, தொழிலதிபர்கள் ராஜேஷ் ஜெயின், ரே ஸ்டாட்டா மூவரும் தொடங்கிய நோவேட்டியம் நிறுவனம், ஹார்டு டிஸ்க் இல்லாத மலிவு விலை நெட்பிசியைக் கொண்டுவந்தது. நிரல்களெல்லாம் தொலைவில் வேறொரு கம்ப்யூட்டரில்!

எக்ஸில் எனக்கு மிகவும் பிடித்தது முதல் பைட். இணைப்புக் கேட்கும்போது நிரல் முதலில் அனுப்புவது ஒரே எழுத்து: பெரிய 'பி' அல்லது சிறிய 'எல்'. எண்களின் பைட்டுகளை எந்த வரிசையில் அடுக்குவேன் என்பதற்கு அதுவே அறிவிப்பு. சன் ஸ்பார்க் போன்ற பழைய இயந்திரங்கள் 'பி' என்று வந்தாலும் நம் இன்டெல் லேப்டாப் திருப்பிப் போட்டுப் புரிந்துகொள்ளும்! ஆனால் பாதுகாப்புக் கருதி, 2023-இல் வந்த எக்ஸ்வேலேண்ட் 23.1 என்ற எக்ஸ் சர்வர் இந்த வசதியைத் தானாகத் தருவதில்லை. நாமே கேட்டு இயக்க வேண்டும். நெட்வொர்க் வழி நேரடி இணைப்பும், எக்ஸ்.ஆர்க் என்ற இன்னொரு எக்ஸ் சர்வரில் 1.17 பதிப்பு முதல் அப்படித்தான்.

காரணம் இருக்குங்க. எக்ஸ் பேசுவதெல்லாம் பூட்டில்லாத பேச்சு. உள்ளே வந்த எந்த நிரலும் நீங்கள் தட்டும் பாஸ்வேர்டைப் படிக்கலாம்! நெட்வொர்க்கில் போகும் இந்தப் பேச்சுக்கு 1995-இல் பின்லாந்தின் டாட்டு யுலோனென் எழுதிய எஸ்.எஸ்.ஹெச். பூட்டுப் போட்டது. அதைவிடப் பழைய பெட்டி என்றால் வீட்டு நெட்வொர்க்குக்குள் மட்டும், அந்த ஒரு ஐ.பி. எண்ணுக்கு மட்டும் அனுமதி கொடுங்க. வேலை முடிந்ததும் மறக்காமல் மூடிடுங்க.